புரதத்தின் வடிவம் கண்ட பேரறிஞர்
ஜி. என். இராமச்சந்திரன்

மனித உடலைத் தாங்கி நிற்பது எலும்பு. அவ்வெலும்பு நொறுங்கிவிடாமல் உள்ளிருந்து பிணைத்து நிற்பது எது? தோலுக்கு உறுதியும், தசைநாணுக்கு வலிமையும், இரத்தக் குழாயின் சுவருக்குத் திண்மையும் தருவது எது? இவ்வினாக்கள் அனைத்திற்கும் விடை ஒன்றே. கொலாஜன் என்னும் புரதமே அது. நம் உடலிலுள்ள புரதங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொலாஜன் ஆகும். ஆயினும் 1950ஆம் ஆண்டு வரையில் அதன் உள்ளமைப்பு எத்தகையது என்பதை உலகில் எவரும் தெளிவாக அறிந்திலர். அம்மறைபொருளைச் சென்னை மாநகரில் ஒரு புதிய ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து விடுவித்தவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். பின்னர் அக்கல்லூரியின் முதல்வராகவும் உயர்ந்தவர். தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையிடம் கற்ற கணிதமே மைந்தரின் முதற்செல்வமாயிற்று. கடினமான கணக்கு ஒன்றைக் கண்டால் விலகிச் செல்லாமல், அதனை விடுவிக்கும் வரை விடாது பற்றிநிற்கும் பழக்கம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியது.

பள்ளிக் கல்வி முடிந்தபின் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்வில் சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார்.

இராமனின் மாணவர்

அதே ஆண்டில் அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தை அடைந்தார். தொடக்கத்தில் அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையே. ஆனால் அங்கே இயற்பியல் துறையை நடத்தி வந்தவர் சர் சி. வி. இராமன். நோபல் பரிசு பெற்ற அப்பேரறிஞர் இளைஞரின் திறமையை விரைவில் உணர்ந்து, தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். அம்மாற்றம் இராமச்சந்திரனின் வாழ்க்கைப் போக்கையே திருப்பிவிட்டது.

இராமனிடம் அவர் படிகங்களைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் எக்ஸ் கதிர்களைப் பற்றியும் கற்றார். ஒரு படிகத்தின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அதனுள் இருக்கும் அணுக்களின் ஒழுங்கிற்கு ஏற்பக் கதிர் சிதறும். அச்சிதறல் படத்தகட்டில் புள்ளிகளாகவும் வளையங்களாகவும் பதியும். அப்பதிவைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கணக்கிட்டு அறியலாம். நிழலைக் கண்டு பொருளை உணர்வதற்கு ஒப்பான இக்கலையில் இராமச்சந்திரன் தேர்ச்சி பெற்றார்.

1947ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு மேற்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். அங்கிருந்த காலத்தில் லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை எளிய விதிகளைக் கொண்டு கண்டறிய இயலும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் ஊன்றப்பட்டது.

சென்னையில் எழுந்த வினா

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் மருத்துவ அறிஞர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். இயற்பியல் துறையைப் புதிதாகக் கட்டியெழுப்ப விரும்பிய அவர் இராமனை அழைத்தார். இராமனோ தமக்குப் பதிலாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952ஆம் ஆண்டு, முப்பது வயதை எட்டும் நிலையில், இராமச்சந்திரன் அத்துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அவ்வாண்டிலேயே புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வருகை தந்தார். எத்தகைய ஆய்வை மேற்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த இராமச்சந்திரனிடம், கொலாஜனின் அமைப்பைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர் என்றும், அவற்றுள் ஒன்றேனும் நிறைவு தருவதாக இல்லை என்றும் பெர்னல் எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அவ்வினாவைத் தமதாக்கிக் கொண்டார்.

ஆய்வுக்குத் தூய கொலாஜன் வேண்டும். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருந்தது பெருவாய்ப்பாயிற்று. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே ஆதலால், அந்நிறுவனத்தார் அதனை நன்கு அறிந்திருந்தனர். மாதிரிகளைத் தந்து உதவினர். கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் மிகத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தை அளித்தது. கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளர் இராமச்சந்திரனுக்குத் துணை நின்றார்.

மூவிழைச் சுருள்

புரதங்கள் அனைத்தும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகளால் ஆனவை. தமிழ் எழுத்துகளைக் கோத்துச் சொற்களை ஆக்குவதுபோல், இருபது வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்து உயிர்கள் எண்ணற்ற புரதங்களை ஆக்கிக்கொள்கின்றன. கொலாஜனில் ஒரு புதுமை இருந்தது. அதிலுள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாகவே இருந்தது. கிளைசின் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. அது ஏன் இத்துணை மிகுதியாக இருத்தல் வேண்டும்?

இவ்வினாவே பூட்டைத் திறக்கும் திறவுகோலாயிற்று. ஒரு சங்கிலி தனித்து நில்லாமல், மூன்று சங்கிலிகள் அருகருகே நெருங்கி நிற்குமாயின், அவற்றின் நடுவே மிகக் குறுகிய இடமே எஞ்சும். அவ்விடத்தில் பெரிய அமினோ அமிலம் எதுவும் பொருந்தாது. கிளைசின் மட்டுமே பொருந்தும். ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வந்தே ஆகவேண்டும். இக்கருத்தை இராமச்சந்திரனும் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

ஆயினும் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தின் சில கூறுகள் அவ்வடிவத்துடன் முற்றிலும் பொருந்தவில்லை. நிலவு புவியைச் சுற்றி வரும்போது எப்பொழுதும் ஒரே முகத்தைப் புவிக்குக் காட்டுவதை எண்ணிப் பார்த்தபோது அவருக்குத் தெளிவு பிறந்ததாகக் கூறுவர். ஒவ்வொரு சங்கிலியும் தன்னளவில் சுருண்டிருப்பதோடு, மூன்றும் ஒன்றையொன்று தழுவிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டால், கிளைசின் எப்பொழுதும் உட்புறமே நோக்கியிருக்கும். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு தனிப்புரியைக் காட்டிலும் வலிமை உடையதன்றோ? 1955ஆம் ஆண்டு வெளிவந்த இத்திருத்திய வடிவமே மூவிழைச் சுருள் எனப்படுகிறது.

குறை கூறலும் புதிய பாதையும்

உலகின் பாராட்டு எளிதில் கிட்டவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச் என்பவரும் அதே ஆண்டில் தங்கள் வடிவத்தை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டுள்ளன என்னும் அடிப்படையை அவர்கள் ஏற்றனர். ஆனால், இராமச்சந்திரன் வரைந்த வடிவத்தில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்காத அளவிற்கு நெருங்கி இருக்கின்றன என்று குறை கூறினர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. பிற்கால ஆய்வுகள் அவ்வெண்ணிக்கையைத் திருத்தின. மூவிழைச் சுருள் என்னும் அடிப்படை மட்டும் அசையாமல் நின்றது.

பெரிய நாடுகளின் பெரிய ஆய்வுக்கூடங்கள் எதிர்நிற்கையில், மனம் தளர்ந்து வேறு துறைக்குச் சென்றிருக்கலாம். வாதத்திலேயே காலத்தைக் கழித்திருக்கலாம். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. அக்குறையையே ஓர் ஆய்வு வினாவாக மாற்றினார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை அமைப்பு அறியப்பட்ட அமினோ அமிலங்களின் படிகங்களையும் அவற்றின் சிறு கோவைகளையும் பற்றிய செய்திகளைத் திரட்டி, அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவுகளை அட்டவணைப்படுத்தினார். இப்பணியில் வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் அவருக்குத் தோள்கொடுத்தனர்.

புரதச் சங்கிலியில் அடுத்தடுத்துள்ள இரு தட்டையான பகுதிகள் ஒரு கரி அணுவில் வந்து கூடுகின்றன. ஒரே தூணில் பொருத்திய இரு கதவுகளைப்போல் அவை அவ்வணுவின் இருபுறமும் திரும்பக்கூடியவை. ஒரு பகுதி திரும்பும் கோணத்தை ஃபை என்றும், மற்றொன்று திரும்பும் கோணத்தைச் சை என்றும் குறித்தனர். இரு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று கணக்கிட்டனர். இன்றுள்ள கணினிகள் இல்லாத காலம் அது. சிறிய கணக்கிடும் பொறிகளும் பொறுமையுமே அவர்களுக்குக் கருவிகள்.

விடை வியப்பூட்டியது. எண்ணற்ற நிலைகளுள் மிகச் சிலவற்றில் மட்டுமே அணுக்கள் மோதாமல் அமைந்தன. அந்நிலைகளை ஒரு சதுரத்தில் குறித்தபோது, பரந்த வெற்றிடத்தின் நடுவே சில தீவுகள் போன்ற படம் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அப்படம் உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கப்படுகிறது. இன்று எந்த நாட்டில் எவர் ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியானதா என்பதை இவ்வரைபடத்தில் வைத்துச் சோதிக்கின்றனர். குறை கூறப்பட்டதால் பிறந்த வரைபடம், பிறர் குறைகளைக் காட்டும் உரைகல் ஆயிற்று.

நலமும் நோயும்

புரதத்தின் வடிவத்தை அறிவதால் விளையும் பயன் யாது? உடல்நலம் அவ்வடிவத்தையே பொறுத்துள்ளது என்பதே விடை.

முற்காலத்தில் நெடுங்கடல் பயணம் செய்த மாலுமிகள் ஈறுகளில் குருதி கசிந்து, பழைய புண்கள் மீண்டும் பிளந்து மாண்டனர். ஸ்கர்வி எனப்படும் அந்நோய் எலுமிச்சை இனக் கனிகளை உண்டதால் நீங்கியது. ஏன் நீங்கியது என்பதைக் கொலாஜனின் அமைப்பு விளக்கியது. கொலாஜனிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தால்தான் மூவிழைச் சுருள் உடல் வெப்பத்தில் நிலைத்து நிற்கும். அம்மாற்றத்திற்கு வைட்டமின் சி தேவை. கனியும் நெல்லியும் இல்லாத உணவினால் கயிற்றின் முறுக்கு தளர்கிறது. உடலின் கட்டுக்கோப்பும் குலைகிறது.

சில குழந்தைகள் பிறவியிலேயே எளிதில் முறியும் எலும்புகளுடன் பிறக்கின்றனர். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில், ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் அதனினும் பெரிய அமினோ அமிலம் வந்து அமர்ந்தாலும் இந்நோய் தோன்றக்கூடும். நடுவிலுள்ள குறுகிய இடத்தில் அது பொருந்தாமையால் சுருள் சரிவர அமைவதில்லை.

கொலாஜனில் மட்டும் இவ்வாறு நிகழ்வதன்று. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் ஒரு சங்கிலியில், ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமைந்தால், வட்டத் தட்டுப் போன்ற சிவப்பணுக்கள் கதிர் அரிவாள் போல் வளைந்துவிடுகின்றன. இதுவே அரிவாளணு நோய். இந்தியாவில் பழங்குடி மக்கள் பலரை இந்நோய் வருத்துகிறது. நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதன் கூறு கண்டறியப்பட்டதும் 1952ஆம் ஆண்டிலேயே ஆகும்.

புரதங்களை ஆக்குவதற்கு வேண்டிய அமினோ அமிலங்களுள் ஒன்பதை நம் உடலால் உண்டாக்கிக்கொள்ள இயலாது. அவற்றை உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தென்னாட்டுப் பொங்கலும் இட்லியும், வடநாட்டுக் கிச்சடியும் இராஜ்மா சோறும் இவ்வுண்மைக்குச் சான்றுகள். அமினோ அமிலம் என்னும் சொல்லையே அறியாத நம் முன்னோர் பட்டறிவால் இதனைக் கண்டிருந்தனர்.

பிற்கால வாழ்க்கை

இராமச்சந்திரனின் புகழால் சென்னைப் பல்கலைக்கழகம் உலக அறிஞர்கள் நாடி வரும் இடமாயிற்று. 1963ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் அங்கு நடைபெற்ற பன்னாட்டுக் கருத்தரங்குகளில் மேலைநாட்டு அறிஞர் பலர் கலந்துகொண்டனர். ஊக்கமளித்து வந்த முதலியார் 1969ஆம் ஆண்டு பதவியினின்று விலகியபின், இராமச்சந்திரனும் சென்னையை நீங்கினார். தாம் கற்ற பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திற்கே திரும்பிச் சென்று, மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார்.

அவர் அறிவு ஒரு துறையில் அடங்கி நிற்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளைக் கொண்டு பொருளின் உட்புறத்தை முழுமையாக உருவாக்கிக் காட்டும் கணித முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்குவதற்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது. முதுமையில் தருக்கவியலையும் கணிதத்தையும் இணைக்கும் ஆய்வில் ஈடுபட்டார்.

1961ஆம் ஆண்டு சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1977ஆம் ஆண்டு இலண்டன் அரசுக் கழக உறுப்பினர் தகுதியும், 1999ஆம் ஆண்டு உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசும் அவரை அடைந்தன. நோபல் பரிசு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. எனினும் உலகெங்குமுள்ள உயிர் வேதியியல் பாடநூல்களில் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

இறுதிக் காலம் துன்பம் நிறைந்தது. வாழ்க்கைத் துணைவியார் இராஜலட்சுமி 1998ஆம் ஆண்டு மறைந்தார். அவரை இழந்த துயரோடு பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் பேரறிஞரை வாட்டின. மூளையின் நரம்பணுக்களில் ஒருவகைப் புரதம் தன் இயல்பான வடிவம் பிறழ்ந்து திரள்வது பார்க்கின்சன் நோயின் அடையாளம் ஆகும். புரதங்கள் எவ்வடிவில் நிற்கலாம், எவ்வடிவில் நிற்கலாகாது என்று உலகுக்கு வரைந்து காட்டியவரின் கைகளே, வடிவம் தவறிய ஒரு புரதத்தால் தளர்ந்தன. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார்.

அத்தகைய நோய்களுக்கு மருந்து தேடும் ஆய்வாளர்கள் இன்று புரதங்களின் வடிவத்தையே முதலில் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியில் அவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களுள் ஒன்று, சென்னையில் சிறு பொறிகளைக் கொண்டு கணக்கிட்டு வரைந்த அந்தச் சதுரப் படம். இராமச்சந்திரன் தம் நோய்க்கு மருந்து காணவில்லை. ஆனால் அம்மருந்தைத் தேடிச் செல்வோர் கையில் ஒரு வழிகாட்டியைத் தந்து சென்றுள்ளார்.

சொற்பொருள்

மறைபொருள் – வெளிப்படாத உண்மை
மைந்தர் – மகன்
புரி – கயிற்றின் ஓர் இழை
உரைகல் – பொன்னின் தரம் அறியும் கல்
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
பிறழ்தல் – மாறுபடுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கொலாஜனில் மூன்றாவது இடந்தோறும் வரும் அமினோ அமிலம் ______.
2. இராமச்சந்திரன் வரைபடம் வெளியான ஆண்டு ______.
3. நம் உடலால் உண்டாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பெர்னல் இராமச்சந்திரனிடம் எடுத்துரைத்தது யாது?
2. கொலாஜன் ஆய்விற்குத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உதவ முடிந்தது ஏன்?
3. சோற்றையும் பருப்பையும் சேர்த்து உண்பதால் விளையும் நன்மை யாது?

இ. பத்து தொடர்களில் விடை எழுதுக.
1. பிறர் கூறிய குறையை இராமச்சந்திரன் எவ்வாறு எதிர்கொண்டார்?
2. அமினோ அமிலம் ஒன்று மாறுவதால் நோய் தோன்றுவதைப் பாடத்திலுள்ள சான்றுகளால் விளக்குக.

ஈ. செய்து பார்க்க.
மூன்று வண்ண நூல்களைச் சேர்த்து முறுக்குக. தனி நூலையும் முறுக்கிய நூலையும் இழுத்துப் பார்த்து, கண்ட வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.